லூர்துநாதன் கொட்டகையில் ஊஞ்சல் படம்

புதுச்சேரியில் லூர்துநாதன் கொட்டகைக்கு வந்த அந்தப் பிரெஞ்சுப் படம், பார்க்கிறவர்கள் ஊஞ்சல் ஆடினால்தான் ஓடும். ஆட்டம் நின்றால் படமும் நின்றுவிடும்.

அது போர்க்காலம். பிரான்சிலிருந்து கப்பல் வருவது அடியோடு நின்றிருந்தது. கப்பல் நின்ற பிறகு படங்கள் தாமாகவே வரப் பழகிக்கொண்டன. இந்தப் படமும் அப்படித்தான், தகர டப்பாக்களுக்குள் அடைபட்டுக் கடலில் மிதந்து வந்து, துறைமுகப் பாலத்தின் கால்களைத் தட்டிக்கொண்டு நின்றது. சுங்கத்தில் டப்பாக்களைத் துடைத்து, ஒட்டியிருந்த உப்புக்கு மட்டும் தீர்வை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

லூர்துநாதனுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் படத்தின் பெயரில் ‘ஸ்விங்’ என்று ஒரு சொல் இருந்தது. பாரிஸ் முழுவதும் இப்போது இந்தச் சங்கீதத்துக்குத்தான் பைத்தியமாக இருக்கிறது என்று டப்பா மூடியில் அச்சடித்திருந்தார்கள். அந்தச் சொல் பிரெஞ்சில்லை, இங்கிலீஷ். இங்கிலீஷ் வேண்டுமென்றால் எல்லையைத் தாண்டிக் கடலூருக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். நல்லவேளை, கொட்டகையில் மெஷின் ஓட்டுகிற ராஜமாணிக்கம் கடலூர்க்காரர்.

“ஸ்விங்னா ஊஞ்சல், முசே,” என்றார் அவர், முதலாளியைப் பிரெஞ்சில் ஐயா என்று அழைத்து. “எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“சங்கீதத்துக்கும் ஊஞ்சலுக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“ஊஞ்சல் பாட்டா இருக்கும் முசே. நம்ம கல்யாணத்துல பாடறதில்லையா?”

லூர்துநாதனுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. ‘பாரிஸ் நகரத்து ஊஞ்சல் பாட்டுப் படம், அனைவரும் வருக’ என்று சுவரொட்டி போட்டுவிட்டார். புதுச்சேரிக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஊஞ்சலுக்கு அழைத்தால் வெறுங்கையோடு போவார்களா? அவரவர் வீட்டு ஊஞ்சலைக் கழற்றி, பலகையும் சங்கிலியுமாகத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பெஞ்சுகளை முற்றத்தில் அடுக்கிவிட்டு, கொட்டகையின் பனை உத்தரங்களில் ஊஞ்சல்களை மாட்டினார்கள். விளக்கு அணைந்தது. திரையில் ஒரு தொப்பிக் கடைப் பெண் பாடுவதற்கு வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றாள். முன்வரிசையில் யாரோ காலை உந்தினார்கள். அவள் பாடத் தொடங்கினாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊஞ்சல் முன்னே போனால் படம் முன்னே ஓடும். ஊஞ்சல் பின்னே வந்தால் படமும் அதே அளவு பின்னே ஓடிவிடும். தொப்பிக் கடைப் பெண் பாதி வரி பாடுவாள், பிறகு பாடியதையெல்லாம் திரும்ப விழுங்கிக்கொள்வாள். ஆளுக்கொரு பக்கம் ஆடினால் படம் உதறியது. அதனால் லூர்துநாதன் திரைக்கு அருகில் நின்று கைக்குட்டையை வீச, எல்லாரும் ஒன்றாகவே முன்னே போய் ஒன்றாகவே பின்னே வந்தார்கள். வாரக்கணக்கில் ஊர் அந்தப் பாதி வரியையே பார்த்தது. பார்த்ததையே பார்ப்பதில் நம்மவர்களுக்குச் சலிப்பு ஏது? பாதி வரி நன்றாகத்தான் இருக்கிறது என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

சுவரொட்டியைப் பார்த்ததும் செங்கமலம் தெருவிலேயே நின்றுவிட்டாள். அவள் வீட்டு ஊஞ்சல் கல்யாணத்தன்று ஆடத் தொடங்கி இன்னும் நிற்காத ஊஞ்சல்.

அவள் புருஷன் கனகசபை பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. துப்பாக்கி தூக்குகிற சொல்தா அல்ல, பேண்டில் டிராம்போன் ஊதுகிறவன். இழுத்து நீட்டி ஊதுகிற அந்தப் பித்தளைக் குழலைக் கல்யாணப் பந்தலில்கூட அவன் பக்கத்திலேயே வைத்திருந்தான். அந்த வீட்டு வழக்கப்படி, தாலி கட்டிய அன்று சாயங்காலம் மாப்பிள்ளையும் பெண்ணும் ஊஞ்சலில் உட்கார வேண்டும். பெண்கள் லாலி பாட, நாத்தனார் ஆட்டிவிடுவாள். பாட்டு முடிந்ததும் இருவர் கையும் சேர்ந்து சங்கிலியைப் பிடித்து ஊஞ்சலை நிறுத்த வேண்டும். வேறு யாரும் நிறுத்தக்கூடாது, நிறுத்தினாலும் நிற்காது.

பாட்டு பாதியில் இருக்கும்போது துறைமுகத்தில் கப்பல் ஊதியது. அதற்குப் பிறகு எந்தக் கப்பலும் போகவில்லை, அதுதான் கடைசி.

“கூப்பிடறாங்க,” என்றான் கனகசபை. ஊஞ்சல் முன்னே போய் உச்சியில் இருந்த நேரம் பார்த்து இறங்கி, குழலை எடுத்துக்கொண்டு நடந்தான். ஊஞ்சல் செங்கமலத்தை மட்டும் பின்னே கொண்டுவந்தது.

அன்றிலிருந்து அது ஆடிக்கொண்டே இருந்தது. கூடத்தைக் கடக்கிறவர்கள் அது விலகும் நேரம் பார்த்துக் கடக்க வேண்டும். நாத்தனார் திரிபுரசுந்தரி ஒருநாள் நேரம் தவறிக் கடந்தாள். பலகை முழங்காலில் இடித்தது. அதிலிருந்து அவளுக்குக் கால் சாய்ந்துவிட்டது. ஒரு அடி நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் நடந்தாள். தம்பி போனது, கால் போனது இரண்டுக்கும் செங்கமலம்தான் காரணம் என்பது அவள் கணக்கு.

“அவன் எறங்கறப்போ நீ கையப் புடிச்சிருக்கணும்,” என்பாள்.

“அத்தனை பேர் முன்னாடி எப்படி அண்ணி புடிக்கிறது?”

“வெக்கப்பட்டே இல்ல? அனுபவி.”

பிடித்திருக்க வேண்டும் என்று செங்கமலத்துக்கும் தெரியும். அவளுக்கு அவனோடு இருந்த பழக்கமெல்லாம் பாதி லாலி நேரம்தான். அந்தப் பாதிப் பாட்டுக்குள் தோளோடு தோள் உரசியிருக்கிறது, அவ்வளவே. ஆனாலும் ஆசைக்கு இவ்வளவு போதும் என்று கணக்கு உண்டா? ஊஞ்சலில் அவன் உட்கார்ந்த பாதியை அவள் யாருக்கும் விட்டதில்லை. தினமும் தன் பாதியில் உட்கார்ந்து, காலியான பாதியில் கையை வைத்துக்கொண்டு ஆடுவாள்.

அந்த ஊஞ்சலைக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதும் திரிபுரசுந்தரி சத்தம் போட்டாள். கல்யாண ஊஞ்சலைக் கூத்துக் கொட்டகைக்கு எடுத்துப்போவதா என்றாள். பிறகு கூடத்தில் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுக்கலாமே என்று யோசித்து, சரி என்றாள். நாலு ஆட்கள் உத்தரத்தோடு சேர்த்துத் தோளில் சுமக்க, ஊஞ்சல் தெருவில் ஆடிக்கொண்டே போனது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

லூர்துநாதன் அவளுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார். முதல் நாளே அவள் அவனைப் பார்த்துவிட்டாள். தொப்பிக் கடைப் பெண்ணுக்குப் பின்னால் பெரிய வாத்தியக் கோஷ்டி உட்கார்ந்திருந்தது. நீளக் கோட்டும் வெட்டாத தலைமுடியுமாகப் பாரிஸ் இளைஞர்கள். அவர்களில் கடைசி வரிசையில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் டிராம்போனைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துவிட்டுப் பித்தளையில் முகம் பார்த்துக்கொண்டான். கல்யாணப் பந்தலிலும் அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். சண்டைக்குப் போனவன் படத்தில் என்ன செய்கிறான் என்று செங்கமலம் யோசிக்கவில்லை. பேண்டு இருக்கிற இடத்தில் டிராம்போன்காரன் இருப்பான்.

அன்றிலிருந்து அவள் வேகமாக ஆடினாள். எவ்வளவு உயரப் போகிறாளோ அவ்வளவு கூடுதலாகப் படம் முன்னே போகும். முதலில் அவன் கழுத்து திரும்புவது தெரிந்தது. சில நாள் கழித்துக் காது தெரிந்தது. மற்றவர்களும் அவளோடு சேர்ந்து உயர உயர ஆடினார்கள். உத்தரங்கள் முனகின, லூர்துநாதன் மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு சாயங்காலம் ஊஞ்சல் உச்சிக்குப் போனபோது கனகசபை முழுதாகத் திரும்பினான். அவளைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“சாப்பிட்டியா?” என்று கேட்டான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஊஞ்சல் பின்னே வரத் தொடங்கிவிட்டது. அந்தச் சொல் பின்பக்கமாக ஓடி அவன் வாய்க்குள் போயிற்று. மலர்ந்த முகம் சுருங்கியது. அவளைப் பார்த்ததையே மறந்துவிட்டு அவன் முதுகைக் காட்டினான். அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் முதன்முதலாகப் பார்த்தான், மறுபடியும் கேட்டான், மறுபடியும் திரும்ப வாங்கிக்கொண்டான். “இன்னும் இல்லை” என்று அவள் சொல்கிற ஒவ்வொரு முறையும் எதிரே முதுகுதான் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதாள். இத்தனை ஆண்டு பார்க்காமல் இருந்தது இதைவிடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

திரிபுரசுந்தரி இவ்வளவு நாளும் கொட்டகைப் பக்கமே வரவில்லை. தன் தம்பியாவது பிரெஞ்சுக்காரன் படத்தில் இருப்பதாவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் அவளுக்குப் பயம். போய்ப் பார்த்து அவன் இல்லையென்றால், அதோடு எல்லாம் முடிந்துபோகும் அல்லவா? அன்று செங்கமலம் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

“என்னவாம்?”

“சாப்பிட்டியான்னு கேக்கறாரு, அண்ணி. கேட்டுட்டுத் திரும்ப வாங்கிக்கறாரு.”

திரிபுரசுந்தரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, “அவன் சின்ன வயசுலயே அப்படித்தான்,” என்றாள். “முறுக்கக் குடுப்பான், கடிக்கறதுக்குள்ள புடுங்கிக்குவான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கு நானும் வரேன்.”

மறுநாள் அவள் வந்து, யாரையும் கேட்காமல் ஊஞ்சலுக்குப் பின்னால் போய் நின்றாள். நாத்தனார் இருக்கும்போது கல்யாண ஊஞ்சலை அவள்தானே ஆட்ட வேண்டும். நல்ல காலை முன்னே வைத்து நீளமாகத் தள்ளினாள். சாய்ந்த காலில் சட்டென்று பின்வாங்கினாள். ஊஞ்சல் அவள் நடையைப் பிடித்துக்கொண்டது. முன்னே போகையில் நிதானமாக, வெகுநேரம் போயிற்று. திரும்புகையில் வெடுக்கென்று வந்துவிட்டது. முன்னே போகிற நேரமெல்லாம் படம் முன்னே ஓடியது, திரும்புகிற நேரம் குறைவு என்பதால் குறைவாகவே பின்னே ஓடியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் படம் கொஞ்சம் மிச்சம் பிடித்தது.

தொப்பிக் கடைப் பெண் முதல்தடவையாக வரியை முடித்து அடுத்த வரிக்குப் போனாள். கோஷ்டி முழுவதும் அதே நடையில் வாசித்தது. ஒரு தட்டு நெடில், ஒரு தட்டு குறில்.

“நம்ம லாலிதானே இது,” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. பெண்கள் எல்லாரும் லாலியை எடுத்தார்கள். பாரிஸ் பாட்டின் மேல் அது அளவெடுத்துத் தைத்ததாக உட்கார்ந்தது. எல்லா ஊஞ்சலும் அந்த நடைக்கு மாறின. மெஷின் அறையிலிருந்து ராஜமாணிக்கம் தலையை நீட்டி, “நான் அப்பவே சொல்லல?” என்றார். லூர்துநாதன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கனகசபையின் கழுத்து திரும்பியது, காது தெரிந்தது, முகம் தெரிந்தது. பின்னே போகையில் கொஞ்சம் மங்கியது, ஆனால் அழியவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவன் கேள்வி “சாப்” என்ற வரைக்கும் நின்றது. அதற்கடுத்ததில் முழுதும் நின்றது.

“சாப்பிட்டியா?”

திரிபுரசுந்தரி தள்ளுவதை நிறுத்தவில்லை. தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டே, உதட்டைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். ஊஞ்சல் உச்சிக்குப் போனது. திரையின் ஓரத்தைத் தாண்டிக் கனகசபையின் கை வெளியே வந்தது. சங்கிலியைப் பிடித்தது. கறுப்பு வெள்ளைக் கை, ஆனாலும் விரலில் கல்யாண மோதிரம் இருந்தது.

“புடி, செங்கமலம்,” என்றாள் திரிபுரசுந்தரி. “இப்பவாவது புடி.”

செங்கமலம் கையைத் தூக்கினாள். அவன் கைக்கு மேலே வைக்க ஒரு விரற்கடைதான் இருந்தது. இதற்காகத்தானே இத்தனை காலம் ஆடினாள்? இரண்டு கையும் சேர்ந்தால் ஊஞ்சல் நிற்கும்.

“புடிக்காத,” என்றான் கனகசபை. “இது நின்னா படமும் நின்னுடும். நான் இப்படியே நிப்பேன். படம் முடியட்டும். முடிஞ்சா எல்லாரையும் வீட்டுக்கு விட்டுடுவாங்க.”

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

“எனக்குத் தெரியாது. நான் கடைசி வரிசை.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆசை தீரப் பார்ப்பதென்றால் அது முடிகிற காரியமில்லை, அதனால் பார்த்த மட்டும் போதும் என்று கையை இறக்கினாள். அவன் சங்கிலியை விட்டான். ஊஞ்சல் பின்னே வந்தது. அடுத்த ஆட்டத்தில் அவன் திரும்பி உட்கார்ந்து குழலை வாயில் வைத்தான்.

“ரெண்டாவது தடவையும் விட்டுட்டே,” என்றாள் திரிபுரசுந்தரி. அதற்குப் பிறகு படம் முடியும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு சாயங்காலம்கூடத் தவறாமல் வந்து தள்ளினாள்.

பிறகு எத்தனையோ நாள் செங்கமலத்துக்கு அந்த முதுகுதான். தொப்பிக் கடைப் பெண் ரேடியோவில் பாடப் போனாள். அவள் சித்தப்பா கைத்தடியோடு துரத்திக்கொண்டு வந்து, பாட்டைக் கேட்டு, கைத்தடியாலேயே தாளம் போட்டார். காதலன் மழையில் நனைந்தான். ஊர் இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தது. செங்கமலம் கடைசி வரிசையில் அந்தக் கோட்டுத் துணி தோள்பட்டையில் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்திருந்தால் இந்நேரம் முகத்தையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றும். தோன்றியதும் காலை இன்னும் பலமாக உந்துவாள்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் படம் முடிந்தது. திரையில் கோஷ்டிக்காரர்கள் எழுந்து குனிந்து வணங்கி, வாத்தியங்களை உறையில் போட்டார்கள். திரை வெளுத்தது. முற்றத்தில் அடுக்கியிருந்த பெஞ்சுகளின் பக்கம் கொட்டகையின் பின்கதவு திறந்தது. பாரிஸ் இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து ரயிலடிக்கு வழி கேட்டார்கள். லூர்துநாதன் கை நீட்டி வழி சொன்னார். தொப்பிக் கடைப் பெண் குடை இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

கடைசி வரிசைக்காரன் கடைசியாக வந்தான். கல்யாணத்தன்று நடந்துபோன அதே நடை.

“வெளுத்துட்டேடா,” என்றாள் திரிபுரசுந்தரி. கறுப்பு வெள்ளையில் இருந்த அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு செங்கமலத்தின் பக்கம் திரும்பாமலே, “வாங்க, ரெண்டு பேரும் வாங்க, மழை புடிக்கப் போவுது,” என்றாள்.

நாலு ஆட்கள் ஊஞ்சலைச் சுமந்துபோய்க் கூடத்தில் மாட்டினார்கள். கனகசபை தன் பாதியில் உட்கார்ந்தான், செங்கமலம் தன் பாதியில் உட்கார்ந்தாள். திரிபுரசுந்தரி மீதி லாலியைப் பாடினாள். பாட்டு முடிந்ததும் செங்கமலம் யார் முகத்தையும் பார்க்காமல் அவன் கையைப் பிடித்தாள். இரண்டு கையும் சங்கிலியில் சேர்ந்தன. ஊஞ்சல் நின்றது. அது நின்ற பிறகுதான் அந்த வீட்டில் இத்தனை நாளும் ஒரு சத்தம் இருந்துகொண்டே இருந்தது தெரிந்தது. திரிபுரசுந்தரி நேரம் பார்க்காமல் கூடத்தைக் கடந்து, இலை போட உள்ளே போனாள்.

கனகசபை செங்கமலத்தைப் பார்த்தான். உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. அவன் குரல் இன்னும் கொட்டகையில், திரைக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கியில்தான் இருந்தது. கொட்டகை மூன்று தெரு தள்ளி. அங்கிருந்து கிளம்பி, ஓட்டுக் கூரைகளுக்கு மேலாக, தூறலில் நனைந்துகொண்டு அது வந்து சேர்ந்தது.

“சாப்பிட்டியா?”

தெருவில் அந்நேரம் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும், “ஆச்சு, ஆச்சு,” என்று மேலே பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். செங்கமலம் மட்டும், “இன்னும் இல்லை,” என்றாள்.